எந்த மயக்கம்? செவிலியர் கேள்விகளும் பதில்களும்

நோயாளி "மயக்கமா வருது" என்கிறார். குறிப்பேட்டில் எந்தச் சொல்லை எழுதுவது? (மாணவி, மார்த்தாண்டம்)

தமிழில் மயக்கம் என்ற ஒரே சொல் குறைந்தது நான்கு நிலைகளைக் குறிக்கிறது. சுற்றுப்புறம் சுழல்வது வெர்டிகோ; கண் இருண்டு சற்று நேரம் நினைவு தப்பி, தானே தெளிவது சின்கோப்; நிற்கும்போது தள்ளாடுவது சமநிலைக் குறைவு; கூப்பிட்டால் விழித்து, விட்டால் மீண்டும் கண் மூடுவது உணர்வுநிலைத் தாழ்வு. ஆகவே எந்தச் சொல்லையும் எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். ஒருமுறை குளச்சலைச் சேர்ந்த முதியவர் ஒருவரிடம், "பாட்டா, வீடு சுத்துதா, கண்ணு இருட்டுதா?" என்று கேட்டேன். "கட்டில்ல புரண்டா வீடே சுத்துது மக்களே" என்றார். உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவியை நோக்கி மருத்துவரின் கவனத்தைத் திருப்ப அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. எனவே நோயாளியின் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதிவிட்டு, அதன் அருகே கலைச்சொல்லை எழுதுங்கள். எழுந்து நிற்கும்போது கண் இருள்கிறது என்றால், படுத்த நிலையிலும், நின்ற 3 நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் உடனே தெரிவியுங்கள்.

உணர்வுநிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் மொத்த எண்ணை மட்டும் எழுதினால் போதாதா? (மாணவர், நாகர்கோவில்)

போதாது. டீஸ்டேல், ஜென்னெட் என்ற இருவர் 1974-இல் வெளியிட்ட இந்த அளவுகோலின் இன்றைய வடிவில் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். மிகக் குறைந்தது 3. மொத்தம் 10 என்ற எண்ணைப் பல வழிகளில் எட்டலாம் என்பதால், பேச்சு குறைந்ததா, அசைவு குறைந்ததா என்பதை அந்த எண் மறைத்துவிடும். மூன்றையும் தனித்தனியே எழுதினால்தான் அடுத்த பணிநேரச் செவிலியருக்கு மாற்றம் புலப்படும். மூச்சுக்குழாய் பொருத்தியவருக்குப் பேச்சின் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக, குழாய் உள்ளது என்று குறிக்க வேண்டும்.

வெயிலில் கறுத்த மீனவர்களிடம் தோல் நிறமாற்றத்தை எப்படிக் கண்டறிவது? (செவிலியர், குளச்சல்)

தோலை விட்டுவிட்டு ஈரச்சவ்வுகளைப் பாருங்கள். வெளிறலுக்குக் கீழிமையின் உட்புறமும் உள்ளங்கையும், நீலம்பாரித்தலுக்கு நாக்கும் உதட்டின் உட்பக்கமும் உதவும். மஞ்சள் காமாலையில்தான் தவறு நேர்கிறது. ஆண்டுக்கணக்காகக் கடல் வெயிலில் உழைத்தவர்களின் வெண்விழி, ஓரங்களில் இயல்பாகவே பழுப்பு மஞ்சளாக இருக்கலாம். ஆதலால் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் அமரவைத்து, வெண்விழி முழுவதும் ஒரே சீராக மஞ்சளா என்று பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தையும் பாருங்கள். குழல்விளக்கு ஒளியை மட்டும் நம்ப வேண்டாம்.

ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் முழங்கையருகே வெளிறிய திட்டு. தேமல் என்று எழுதலாமா? (கிராம சுகாதாரச் செவிலியர், குலசேகரம்)

நோயின் பெயரை எழுத வேண்டாம். திட்டின் அளவு, விளிம்பு, செதில், உணர்வு ஆகியவற்றை எழுதுங்கள். தோல் மட்டத்திலிருந்து எழாத நிறமாற்றத் திட்டு 1 செ.மீ.க்கு உட்பட்டால் மாக்யூல், மேற்பட்டால் பேட்ச். பிறகு பஞ்சைத் திரியாக்கி, முதலில் நல்ல தோலில் தொட்டுக் காட்டுங்கள். அவர் கண்களை மூடிக்கொள்ள, திட்டைத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். தேமலில் உணர்வு குறையாது. உணர்வு குறைந்திருந்தால் தொழுநோய் என்ற ஐயத்துடன் முழங்கையின் பின்புற நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்க்கும்படி மருத்துவரிடம் அனுப்புங்கள். அதற்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம் என்பதையும், முழுமையாகக் குணமாகும் என்பதையும் அவரிடம் தனியாக, கனிவாகச் சொல்லுங்கள்.

குழந்தையின் உச்சிக்குழி துடிப்பது ஆபத்தா? (மாணவி, தக்கலை)

துடிப்பு இயல்பானது. அழாத குழந்தையை நிமிர்த்திப் பிடித்துத் தொட்டுப் பாருங்கள். உள்வாங்கியிருந்தால் நீர்ச்சத்துக் குறைவையும், அமைதியாக இருக்கும்போதும் புடைத்திருந்தால் மூளை அழுத்த உயர்வையும் கருதி உடனே தெரிவிக்க வேண்டும். முன் உச்சிக்குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களுக்குள் மூடிக்கொள்ளும்.