அடுப்பு, ஃப்ரிட்ஜ், மோட்டார்: கேட்டதும் பதிலும்

பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஆற்றல், வெப்பம் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னது என் தப்புதான். வந்து குவிந்திருக்கிறது. எனக்கு ருசியான கேள்விக்கு நீளமாகவும் மற்றதற்கு ஒரு வரியிலும் பதில் வரும், கோபிக்க வேண்டாம். தொடங்கும் முன் ஒன்று: வாளியில் போடும் ஹீட்டர் ராடு வைத்திருப்பவர்கள், சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரலை வைக்க வேண்டும். யாரும் இதைக் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்வேன், திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஒரு மோட்டாரால் டைனமோவைச் சுற்றி, அந்த மின்சாரத்தை மோட்டாருக்கே கொடுத்து, மீதியை வீட்டுக்கு எடுத்துக்கொள்ள முடியுமா? வீடியோவில் ஓடுகிறது சார். (கரூர்)

முடியாது. மோட்டார் 100 வாங்கினால் 85 அளவுக்குச் சுழற்சியாகத் தரும், மீதி 15 சூடாகப் போகும். ஓடுகிற மோட்டாரின் முதுகைத் தொட்டுப் பாருங்கள், அந்த 15 அங்கே இருக்கிறது. டைனமோவும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். ஒரு சுற்று வருவதற்குள் 100 என்பது 70 ஆகிவிட்டது. இதில் வீட்டுக்கு எடுத்துப்போக 'மீதி' எங்கிருந்து வரும்?

பழைய சைக்கிள் டைனமோவில் இதைக் காலாலேயே உணரலாம். லைட் எரியாதபோது மிதி லேசாக இருக்கும். டைனமோவை டயரோடு சாய்த்ததும் கனக்கும். பல்பில் வருகிற வெளிச்சத்துக்கு உங்கள் தொடை விலை கொடுக்கிறது. வீடியோக்காரர்கள் இந்த விலையை மேசைக்கு அடியில் ஓடும் ஒரு வயரில் ஒளித்து வைக்கிறார்கள்.

இந்த ஆசை புதிதல்ல. பாதரசம் நிரப்பிய ஆரக்கால்கள் கொண்ட சக்கரம் தானே சுற்றிக்கொண்டிருக்கும் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கராச்சாரியார் எழுதினார். அவ்வளவு பெரிய கணித மேதைக்கே சறுக்கிய இடம் இது. பாரிஸ் அறிவியல் கழகம் 1775இல், தானே ஓடும் இயந்திரம் என்று வரும் எதையும் இனிப் பரிசீலிக்க மாட்டோம் என்று கதவைச் சாத்திவிட்டது.

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்றால் அப்புறம் மின்சாரத்தை ஏன் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்கிறார்கள்? (தஞ்சாவூர், பிளஸ் ஒன் மாணவி)

இன்றைக்கு வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

அளவு குறையாது, உண்மைதான். ஆனால் தரம் குறையும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு). அதை வைத்து ஃபேன் சுற்றலாம், லைட் எரிக்கலாம், மாவு அரைக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு அந்த 36 லட்சமும் எங்கே போயிருக்கும்? சுவர், காற்று, கிரைண்டர் கல், மாவு எல்லாவற்றிலும் இம்மி இம்மியாகச் சூடாகப் பரவியிருக்கும். ஒரு ஜூல்கூடக் காணாமல் போகவில்லை. ஆனால் அந்த வெதுவெதுப்பைக் கூட்டி அள்ளி மறுபடி மாவு அரைக்க முடியாது. ஆயிரம் ரூபாயைச் சில்லறையாக்கி ஊர் முழுக்கத் தெருவில் தூவிய மாதிரிதான். காசு அழியவில்லை, ஆனால் உங்கள் கையில் இல்லை.

வெப்பம் வேலை செய்ய வேண்டுமானால் சூடான இடம் ஒன்றும் குளிர்ந்த இடம் ஒன்றும் வேண்டும். பிரான்சில் சாடி கார்னோ 1824இல் சொன்னது இது. வங்கக் கடல் முழுக்க வெப்பம் கிடக்கிறது, ஆனால் பக்கத்தில் அதைவிடக் குளிர்ந்த இடம் இல்லாமல் அதில் ஒரு பல்பைக்கூட எரிக்க முடியாது. நெய்வேலியில் எரிக்கும் பழுப்பு நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்சாரமாகிறது. மீதி குளிர்விக்கும் கோபுரம் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் ஊரைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. நீங்கள் ஒரு யூனிட்டை மிச்சம் பிடித்தால் அங்கே மூன்று யூனிட் வெப்பத்துக்கான கரி மிச்சமாகும்.

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?

சூடாகும். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்பக்கம் கொட்டுகிறது. இரண்டு பக்கமும் ஒரே அறை என்றால், ஓட்டைத் தோணியில் அள்ளிய தண்ணீரைத் தோணிக்குள்ளேயே ஊற்றுவது போலத்தான். கம்ப்ரஸர் தின்னும் மின்சாரமும் அந்த அறையிலேயே வெப்பமாகச் சேரும். ஏசியின் பின்பாதி ஏன் வெளியே தொங்குகிறது என்று யோசித்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

காந்தத்தை வைத்து கரன்ட் இல்லாமல் ஃபேன் ஓட்டலாமாமே?

கரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ராடில் வெந்நீர் போடுவது லாபமா, கேஸிலா? 1,000 வாட் ராடு வாங்கினால் பில் குறையுமா? (வேலூர்)

வாட் வேறு, யூனிட் வேறு. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது. வாட் என்பது எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பது, யூனிட் என்பது மொத்தம் எவ்வளவு செலவானது என்பது. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 42க்குக் கொண்டுவர 9.4 லட்சம் ஜூல் வேண்டும், அதாவது கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 1,500 வாட் ராடு அதை 11 நிமிடத்துக்குள் முடிக்கும், 1,000 வாட் ராடுக்கு 16 நிமிடம் ஆகும். யூனிட் ஒன்றுதான். சொல்லப்போனால் மெதுவாகச் சுட வைத்தால் இடையில் ஆறுவது கூடும்.

கேஸில் அடுப்பின் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தின் ஓரம் வழியாகப் போய்விடும். அதையும் சேர்த்தால் 30 கிராம் எரிவாயு. உங்கள் சிலிண்டர் 14.2 கிலோ. உங்கள் யூனிட் விலையையும் சிலிண்டர் விலையையும் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். ராடு என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை. சொல்லிவிட்டேன்.

ஐஸைக் கம்பளியில் சுற்றினால் சீக்கிரம் உருகிவிடாதா? கம்பளி சூடாச்சே.

கம்பளி சூடில்லை, கம்பளி ஒரு வாட்ச்மேன். உள்ளேயிருந்து வெளியே போகிறவனையும் தடுப்பான், வெளியேயிருந்து உள்ளே வருகிறவனையும் தடுப்பான். உங்கள் உடம்பு உள்ளே இருந்தால் உடம்புச் சூடு வெளியே போகாது, ஐஸ் உள்ளே இருந்தால் வெயில் உள்ளே வராது. வேலையைச் செய்வது நூலிழைகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்று.

சென்னைக்காரர்கள் மெரினா பக்கம் போனால் விவேகானந்தர் இல்லத்தைப் பாருங்கள். 1842இல் கட்டியபோது அதன் பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, கப்பலேற்றி, இங்கே கொண்டுவந்து அடுக்கினார்கள். ஃப்ரெடெரிக் டியூடர் என்பவரின் வியாபாரம். 1833இல் அவர் முதன்முதலாகக் கல்கத்தாவுக்கு அனுப்பியபோது 180 டன் ஏற்றி, நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு 100 டன் அளவுக்கு வந்து சேர்ந்தது. வெப்ப மண்டலத்தைத் தாண்டி வந்த ஐஸுக்குக் காவல் என்ன? மரத்தூள்! தச்சுப் பட்டறையில் கூட்டித் தள்ளுகிற அதே மரத்தூள்.

பருப்பு கொதி வந்த பிறகு தீயைக் குறைக்கச் சொல்கிறார் மருமகள். குறைத்தால் வேக நேரமாகாதா? (திண்டுக்கல்)

மருமகள் பக்கம்தான் நியாயம். திறந்த பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஊட்டி உயரத்தில் 93க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும், அதனால்தான் அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு மசிய மறுக்கிறது. தீயைக் கூட்டினால் சூடு கூடாது, ஆவிதான் கூடும். பருப்புக்குத் தெரிவது தண்ணீரின் சூடு மட்டும். கீழே தீ எவ்வளவு எரிகிறது என்பது அதற்குத் தெரியாது.

ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய 305 கிலோஜூல். அதே லிட்டரை முழுக்க ஆவியாக்க 2,257. ஏழு மடங்குக்கு மேல்! தளதளவென்று கொதிக்கவிடுவது அத்தனையையும் சமையலறைக் கூரைக்கு அனுப்புவதுதான்.

(இதற்கு ஒரு கல்யாண சமையல்காரர் எழுதியது) நாற்பது வருஷமாக அண்டாவில் சமைக்கிறேன். சிம்மில் வைத்தால் சோறு குழையும், வேகாது. புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்கு வாருங்கள்.

வருகிறேன் ஐயா. உங்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை, ஆனால் இதில் பாதி நீங்கள் சொல்வது சரி. கொதிக்கிற அண்டாவில் 20 கிலோ அரிசியைக் கொட்டியதும் தண்ணீரின் சூடு சட்டென்று இறங்கும். மறுபடி கொதி வரும்வரை முழுத் தீதான் வேண்டும். அண்டா பெரியது, வாய் அகலம், எப்போதும் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். வீட்டு பர்னரின் சிம்மில் அது கொதிநிலையிலேயே நிற்காது. நான் சொன்னது கொதி *நிற்கிற* அளவுக்குத் தீ, அதற்கு மேல் வேண்டாம் என்பது.

(அவருக்கு ஆதரவாக, செட்டிநாட்டிலிருந்து) அப்போ திரட்டுப்பால் காய்ச்ச ஏன் தீ வேண்டும்?

அதானே! வேகவைப்பது வேறு, சுண்டவைப்பது வேறு. திரட்டுப்பாலில் தண்ணீரை வெளியேற்றுவதுதான் வேலையே, அந்த 2,257 கிலோஜூலைக் கொடுத்தே ஆக வேண்டும். அடிப்பிடிக்காத அளவுக்குத் தீயைக் கூட்டிக் கிளறுங்கள். இந்த வித்தியாசத்தை முதலிலேயே எழுதாதது என் பிழை.

குக்கரில்? விசில் கணக்கு என்ன ஆவது?

குக்கரில் வெயிட் இருப்பதால் ஆவி அடைபட்டுக் கொதிநிலை 120 டிகிரி வரை ஏறுகிறது. ஆவி வெயிட்டைத் தூக்கிய பிறகு சூடு அங்கேயே நிற்கும். ஒவ்வொரு விசிலும் நீங்கள் வெளியே கொட்டுகிற வெப்பம். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். விசில் கடிகாரம் இல்லை, பெரிய தீயில் மூன்று விசிலும் சின்னத் தீயில் மூன்று விசிலும் வேறு வேறு நேரம்.

உப்புப் போட்டால் சீக்கிரம் கொதிக்குமா?

இல்லை. லிட்டருக்கு ஒரு ஸ்பூனுக்குக் கொதிநிலை பத்தில் ஒரு டிகிரி ஏறும். ருசிக்குப் போடுங்கள்.

ஆற்றல் மாறா விதியை வரையறுத்து இரண்டு எடுத்துக்காட்டு தருக. 5 மதிப்பெண்.

உன் பாடப்புத்தகத்தில் இருக்கிறது தம்பி.

அருவியில் அத்தனை உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் சூடாக வேண்டாமா? குற்றாலத்தில் நடுங்குகிறதே.

சூடாகத்தான் செய்கிறது. இங்கிலாந்தில் மதுவடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் இதையேதான் கேட்டார். தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தை எடைக்கல்லால் சுற்றவிட்டு, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு சூடு என்று 1840களில் அளந்தார். 160 அடி நயாகராவின் அடியில் தண்ணீர் ஃபாரன்ஹீட்டில் ஐந்தில் ஒரு டிகிரி கூடியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். நம் டிகிரியில் 0.1 சொச்சம். குற்றாலத்தில் தூறலாகச் சிதறும்போது ஆவியாகிக் குளிர்வது இதை எளிதாகத் தின்றுவிடும். காபியை டபராவில் ஆற்றும்போது நடக்கிறதும் அதே ஆவியாதல்தான்.

மாம்பழம் சாப்பிட்டால் உடம்புச் சூடு ஏறுகிறது. எத்தனை ஜூல்?

சித்த வைத்தியரைப் பாருங்கள். என் தெர்மாமீட்டர் 37 என்றே சொல்கிறது.

மின்சார ஸ்கூட்டர் சக்கரத்தில் டைனமோ பொருத்தினால் சார்ஜே போட வேண்டாமா?

கரூர். பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைப்பது உண்மை, அதற்குப் பல வண்டிகளில் ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறது.

ஃப்ளைவீல் (கனமான சுழல் சக்கரம்) வைத்தால்?

கரூர்.

(மறுபடி திண்டுக்கல்லிலிருந்து) இன்றைக்கே செய்து பார்த்தோம். ஒரே அளவு உருளைக்கிழங்கு, ஒரே பாத்திரம். முழுத் தீயில் 18 நிமிடம், சிம்மில் 24. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

சபாஷ், இப்படித்தான் கேட்க வேண்டும். சிம்மில் வைத்தபோது குமிழி வந்துகொண்டிருந்ததா, அடங்கிவிட்டதா? அப்புறம், மூடி போட்டிருந்தீர்களா?