மருந்துக்கடைப் பெண் கேட்ட கேள்விகள்

வணக்கம் சார்,

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. பொள்ளாச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டுகிறோம், இங்கே அரசு ஆஸ்பத்திரியிலும் மாத்திரை வாங்குகிறோம். போன வாரம் அவருக்குச் சளி, காய்ச்சல். பழைய செஃபிக்சிம் அட்டையைக் காட்டிக் கேட்டால், சீட்டு இல்லாமல் தர முடியாது என்றார் கடைப் பெண். சுகர் மாத்திரைக்கும் ஆயிரம் கேள்வி. கடைசியில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய் இரண்டே நிமிடத்தில் செஃபிக்சிம் வாங்கி வந்தேன். எழுதியதை எடுத்துக் கொடுப்பதுதானே இவர்கள் வேலை? கேரளத்தில் மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

ச.

அன்புள்ள ச.,

அந்தப் பெண் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தவர்தான் செய்யவில்லை.

செக்போஸ்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் சட்டம் ஒன்றுதான். செஃபிக்சிம் ஒரு ஆன்டிபயாடிக். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் ஹெச்1 அட்டவணையில் உள்ளது. 2014 மார்ச்சிலிருந்து, இந்த வகை மருந்தை விற்கும் கடை நோயாளி பெயர், டாக்டர் பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கேரளம் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்று திடீர் சோதனைகளை ஆரம்பித்ததால் உங்கள் ஊரில் இறுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. நல்ல காரியம் என்பேன். சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. தேவையில்லாமல் சாப்பிடச் சாப்பிட, கிருமிகள்தான் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

உங்களுக்குக் கோபம் வந்தது அந்தக் கேள்விகளால்தான் என்று நினைக்கிறேன். எல்லையோரத்தில் உங்களைப் போல இரண்டு பக்கமும் வைத்தியம் பார்ப்பவர்கள் நிறைய. பொள்ளாச்சி சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர் இருக்கும். அதற்குள் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற இரண்டு சுகர் மருந்துகள் சேர்ந்தே இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் அதே இரண்டும் தனித்தனி மாத்திரையாக, மூலப்பெயரிலேயே வரும். நிறம் வேறு, அட்டை வேறு. அம்மா இரண்டையும் சாப்பிட்டால் கிளிமிபிரைடு இரட்டிப்பாகிவிடும், சுகர் சடாரென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், குழப்பம். தூக்கத்தில் இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 'வேறெங்கே மாத்திரை வாங்குகிறீர்கள்' என்று கேட்காமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சீட்டைச் சரிபார்ப்பது, சந்தேகம் வந்தால் எழுதிய டாக்டரிடம் கேட்பது, நோயாளிக்கு விளக்குவது எல்லாம் மருந்துக்கடையில் மருந்து தரும் பார்மசிஸ்டின் பொறுப்பு என்று 2015-ம் வருட பார்மசி நடைமுறை விதிகளே சொல்கின்றன. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இன்ஹேலரை எப்படி இழுப்பது, இன்சுலினை எங்கே வைப்பது என்பதையெல்லாம் நின்று பொறுமையாகச் சொல்ல நேரம் இருப்பது பல சமயம் இவர்களுக்குத்தான். காசநோய் மருந்து வாங்குபவர்களைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பதும் 2018-லிருந்து கடைகளின் கடமை. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் அதைப் பதிவு செய்ய 1800 180 3024 என்ற இலவச எண் இருக்கிறது. பார்மசிஸ்டும் சொல்லலாம், நீங்களும் சொல்லலாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டரோடு வார்டு சுற்றுகிற பார்மசிஸ்டுகளும் இருக்கிறார்கள். பார்ம்.டி. என்ற ஆறு வருடப் படிப்பு 2008-ல் இங்கே வந்தது.

இவ்வளவு பொறுப்பையும் சுமந்து நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்குப் பல கடைகளில் கிடைக்கும் சம்பளத்தை நினைத்தால் மனசு வலிக்கிறது. சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, உரிய பார்மசிஸ்ட் இல்லாமலே நடக்கும் கடைகளும் உண்டு. அவற்றை மன்னிக்கவே முடியாது.

வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும், இரண்டு சீட்டையும் ஒரு பையில் போட்டு அதே பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரே மருந்து இரண்டு முறை வருகிறதா என்று அவர் சொல்வார். ஆனால் எதை நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சலையும், கொடுத்த செஃபிக்சிமையும் டாக்டரிடமே சொல்லிவிடுங்கள். அதற்குள் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி நடுங்கினால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.