ஊதா நிறப் பட்டையும் சர்க்கரை மாத்திரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தொண்டியில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். வயது 46. கீட்டோ உணவுமுறை பற்றிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சென்ற வாரம் சோறு, இட்லி, சீனி எல்லாவற்றையும் நிறுத்தினேன். மீன், முட்டை, தேங்காய், நெய் மட்டுமே உண்கிறேன். நல்லது என்று உப்பையும் குறைத்துவிட்டேன். எடை 3 கிலோ இறங்கியிருக்கிறது. கீட்டோன் பார்க்கச் சிறுநீரில் நனைக்கும் பட்டையும் நல்ல ஊதா நிறம் காட்டுகிறது. ஆனால் தலைவலி விடவில்லை. தொழுகையில் சஜ்தாவிலிருந்து எழும்போது கண் இருட்டுகிறது, இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, வாயில் ஒரு வாடை, மலச்சிக்கல் வேறு. நேற்றிலிருந்து குமட்டலும் சேர்ந்துகொண்டது. இவை தானாகச் சரியாகுமா? வெயிலுக்குப் பதநீர் குடிக்கலாமா? சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசினும் இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் வழக்கம்போல் எடுத்துவருகிறேன்.

ஒரு வாசகர், தொண்டி

அன்புள்ள நண்பருக்கு,

மாத்திரைகளைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பதிலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து. மாவுச்சத்து உள்ளே வருவதும் நின்று, இருக்கிற சர்க்கரையும் வெளியே போய்க்கொண்டிருந்தால், இன்சுலின் தாழ்ந்து, கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்ற அமிலத்தன்மையுள்ள மாற்று எரிபொருளை அளவு மீறி உண்டாக்கி, இரத்தமே அமிலத்தன்மை அடைந்துவிடக்கூடும். கீட்டோ அசிடோசிஸ் எனப்படும் இந்த ஆபத்து வழக்கமாகச் சர்க்கரை மிக உயர்ந்த நிலையில்தான் வரும். இந்த மருந்தை உட்கொள்பவருக்கோ சர்க்கரை 250க்குக் கீழே, சில வேளை இயல்பான அளவில் இருக்கும்போதே வந்துவிடும். எனவே வீட்டுக் கருவி நல்ல எண்ணைக் காட்டுகிறது என்று நிம்மதி அடைய வழியில்லை. நீங்கள் மகிழ்கிற ஊதா நிறமும் கீட்டோன் இருக்கிறது என்றுதான் சொல்லுமே தவிர, இரத்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லாது.

குமட்டலும் சோர்வும் சாதாரணக் கீட்டோ தொடக்கத்திலும் வரும், இந்த ஆபத்தின் தொடக்கத்திலும் வரும். உங்கள் நிலையில் இரண்டையும் வீட்டிலிருந்தபடி பிரித்தறிய முடியாது. ஆகவே இன்றே கஞ்சியோ சோறோ உண்ணத் தொடங்கி, இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று தலைகாட்டினாலும் காத்திராமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் சென்று, “இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், ஒரு வாரமாகச் சோறு இல்லை, சர்க்கரை சரியாக இருந்தாலும் இரத்தத்தில் கீட்டோன் பாருங்கள்” என்று நீங்களே சொல்லுங்கள்.

மாத்திரை எதுவும் எடுக்காத ஒருவர் இதே கடிதத்தை எழுதியிருந்தால் என் பதில் நிதானமாக இருந்திருக்கும். நம் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை ஏறத்தாழ அரைக் கிலோ உண்டு. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. மாவுச்சத்தை நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் கீழே குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரைந்து நீரும் வெளியேறுகிறது. நீங்கள் இழந்த 3 கிலோவில் பெரும்பகுதி இதுவே. கொழுப்பு அவ்வளவு விரைவாகக் கரையாது. கூடவே, இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பைத் தேக்கிவைக்காமல் வெளியே விடுகிறது. தலைவலி, எழும்போது கண் இருட்டுவது, கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இந்த நீர், உப்பு இழப்பே காரணம். கருவாடு காயவைக்கிற களத்தில் நண்பகல் வரை வியர்வை சிந்துகிறவர், அதே வாரத்தில் உப்பையும் குறைத்தால் உடம்பு என்ன செய்யும்? நலமுள்ளவர்களுக்கு உப்பிட்ட மீன் சாறும் போதிய தண்ணீரும் இரண்டொரு நாளில் தெளிவைத் தரும். தொந்தரவுகள் பொதுவாக ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். உங்களுக்கோ இரத்த அழுத்தம் உண்டு. அதற்கான மாத்திரை, நீர் வற்றிய உடலில் அழுத்தத்தை மேலும் இறக்கக்கூடும். அதன் அளவை மாற்றுவதா, உப்பைக் கூட்டுவதா என்பதை மருத்துவர் அழுத்தத்தை அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வாய் வாடை அசிட்டோனால் வருவது; நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் இருக்கும் அதே பொருள். மலச்சிக்கலுக்கு உங்கள் பட்டியலில் காய்கறியே இல்லாதது போதிய காரணம்; முருங்கைக்கீரையும் புடலங்காயும் எந்த உணவுமுறைக்கும் விரோதி அல்ல.

இந்த உணவுமுறையை 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காகவே முன்மொழிந்தார். மருத்துவர் கண்காணிப்பில் நடந்த ஒன்றை இன்று பத்து நிமிட வீடியோவைப் பார்த்துத் தொடங்கிவிடுகிறோம். அந்த வீடியோக்களில் மாத்திரைப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்பவர் அரிது.

பதநீர் வேண்டாம். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரைதான். ஒரு பெரிய குவளையில் 30 கிராம் வரை உள்ளே போய்விடும். கீட்டோவைத் தொடர்ந்தாலும் விட்டாலும் சர்க்கரை நோய் உள்ள உங்களுக்கு அது ஒத்துவராது. வெயிலுக்குத் தண்ணீர் குடியுங்கள். மோரில் உப்புப் போடலாமா என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.