வாசகர் கேள்வி-பதில்: அம்மாவை ஜனவரியில் புடாபெஸ்ட் கூட்டிப் போகலாமா?

அக்கா, மியூனிக்கில் எம்.எஸ். படிக்கிறேன். ஜனவரியில் அம்மா தஞ்சாவூரிலிருந்து மூன்று வாரம் வருகிறார். வயது 61, சுத்த சைவம், குளிர் என்றாலே பயம். மூன்று நாள் எங்காவது கூட்டிப் போக ஆசை. கையில் பணம் குறைவு. ஹங்கேரியின் புடாபெஸ்ட் சரிப்படுமா?
*– ஒரு மாணவி, மியூனிக்*

தாராளமாகக் கூட்டிப் போங்கள். வியன்னாவில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அங்கிருந்து ரயிலில் இரண்டே முக்கால் மணி நேரம்தான் என்பதால், குளிர்காலத்தில் மட்டும் புடாபெஸ்டுக்கு ஆறேழு முறை போயிருக்கிறேன். அதில் ஒரு முறை என் அம்மாவுடன்.

முதலில் தேதி. புத்தாண்டு வரை கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டம் இருக்கும். ஜனவரி 6 உங்கள் பவேரியா மாநிலத்தில் விடுமுறை நாள் என்பதால், அதுவரை அந்தப் பக்கத்து ஆட்களும் ஊர் சுற்றுவார்கள். அதைத் தாண்டி, ஞாயிறு போய் புதன் திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, சனி இரவுகளுக்குக் கேட்கும் அறை வாடகையை அப்போது கேட்க மாட்டார்கள். மியூனிக்கிலிருந்து புடாபெஸ்டின் கெலெட்டி ஸ்டேஷனுக்கு நேரடி ரயில் உண்டு, சுமார் ஏழு மணி நேரம். முன்கூட்டி எடுத்தால் மலிவு. இரவு பஸ் இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அம்மாவை அதில் ஏற்றாதீர்கள். அந்த ஒரு இரவு கெட்ட தூக்கம் அடுத்த இரண்டு நாளையும் தின்றுவிடும்.

குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும், மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். இந்த மாதத்தில் மலை, ஏரி என்று வெளியே நின்று பார்க்கிற ஊர்களுக்குப் போனால் பாதி நாள் ஏதாவது காபிக் கடையில் ஒதுங்கத்தான் நேரம் சரியாக இருக்கும். புடாபெஸ்ட் அப்படி இல்லை. அந்த ஊரின் அருமையே கூரைக்கடியிலும் வெந்நீரிலும்தான் இருக்கிறது.

ஸேச்செனி குளியல் மாளிகைக்கு அவசியம் போங்கள். 1913-இல் திறந்த மஞ்சள் கட்டடம். பூமிக்கடியிலிருந்து 70 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க வரும் ஊற்று நீரை ஆற்றி, குளங்களில் விடுகிறார்கள். பெரிய குளங்கள் திறந்தவெளியில் இருக்கின்றன. கதவைத் திறந்ததும் ஈரக் கல்தரையில் பத்துப் பதினைந்து அடி நடக்க வேண்டும், அந்த நடைதான் கஷ்டம். என் அம்மா அங்கேயே நின்றுவிட்டார், திரும்பிப் போகலாம் என்றார். கையைப் பிடித்து இறக்கினேன். கழுத்து வரை இறங்கியதும் "நம்ம வீட்டு அண்டா வெந்நீர் மாதிரியே இருக்குடி" என்றார். எதிரில் இருப்பவர் முகம் தெரியாத அளவுக்கு ஆவி. அது விலகும்போது பார்த்தால், தண்ணீருக்குள் நின்றபடியே இரண்டு தாத்தாக்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவின் நெற்றி முடியில் ஆவி பட்டு வெள்ளையாக உறைந்திருந்தது. அவருக்கு ஏறி வரவே மனமில்லை.

டிக்கெட் வார நாளில் குறைவு. துண்டும் ரப்பர் செருப்பும் நீங்களே கொண்டுபோங்கள், செலவு மிச்சம். சுடிதாரோடு இறங்க முடியாது. முழங்கால் வரை வரும் நீச்சல் உடை நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது, வரும்போதே வாங்கி வரச் சொல்லுங்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, அதிகச் சூடான குளத்தை விட்டுவிடுங்கள்.

அங்கே போக மெட்ரோ 1-ஆம் வழித்தடம். 1896-இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயில். தெருவுக்குச் சற்றுக் கீழேயே ஓடுவதால் சில படிகள்தான், முழங்கால் வலிக்காது. இருட்டியதும் 2-ஆம் எண் டிராமில் ஏறி டான்யூப் நதி ஓரமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்புங்கள். விளக்கேற்றிய அரண்மனையும் பாலங்களும் பாராளுமன்றமும் ஜன்னலிலேயே வந்துவிடும். படகுச் சவாரிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். பாராளுமன்றத்தின் உள்ளே போக ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு ஒரு கட்டணம், நமக்கு அதைவிடக் கூடுதல். எனக்கு வெளித்தோற்றமே போதுமாக இருந்தது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஃபோசெலேக் என்று ஒன்று இருக்கிறது. பட்டாணி, பூசணி, கீரை, பருப்பு என ஏதாவது ஒன்றை வேகவைத்து, மாவு கரைத்துக் கெட்டியாக்கியது. நம் கூட்டுக்குத் தங்கை என்று சொல்லலாம், காரம்தான் இல்லை. ஊறுகாய் பாட்டில் எடுத்துப் போங்கள். அதன்மேல் இறைச்சித் துண்டு வைத்துத் தரும் வழக்கம் உண்டு, முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கும், அதைத் தொட வேண்டாம். வார நாள் மதியம் பல சின்ன உணவகங்களில் அன்றைய சாப்பாடு என்று குறைந்த விலையில் தருவார்கள். மதியம் அப்படி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரிக்கு பூண்டு தடவிய லாங்கோஷ். எண்ணெயில் பொரித்த பெரிய ரொட்டி, ஒன்று வாங்கினால் இருவருக்குப் போதும்.

அங்கே யூரோ இல்லை, ஃபொரிண்ட். கார்டு தேய்க்கும்போது மெஷின் "யூரோவா, ஃபொரிண்டா" என்று கேட்டால் ஃபொரிண்டையே அழுத்துங்கள், இல்லாவிட்டால் மாற்று விகிதத்திலேயே பணம் கரையும். அம்மாவின் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, ஹங்கேரிக்கும் செல்லும். பாஸ்போர்ட், உங்கள் குடியிருப்பு அட்டை, அம்மாவின் இன்ஷூரன்ஸ் தாள் மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

லண்டனில் இருக்கிறோம். பிப்ரவரி அரைப்பருவ விடுமுறையில் இரண்டு பிள்ளைகளுடன் மூன்று நாள் போலந்தின் கிராகோவ் போக எண்ணம். செலவு கட்டுப்படியாகுமா?
*– ஒரு வாசகர், லண்டன்*

ஊர் சரி, வாரம்தான் சரியில்லை. மற்றவர்களுக்கு அது சீசன் இல்லாத காலம். ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளிகள் மூடும் வாரத்தில் லண்டன் விமானக் கட்டணம் ஏறிவிடும். ஜனவரியில் ஒரு வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புங்கள். மூன்று நாளுக்குப் பதில் இரண்டு நாள்தான் கிடைக்கும், ஆனால் பிள்ளைகளுக்கு அது போதும்.

வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள். நகரிலிருந்து உள்ளூர் ரயிலிலேயே போகலாம். மேலே பனி கொட்டினாலும் உள்ளே ஆண்டு முழுவதும் ஒரே மிதமான வெப்பம். மரப்படிகளில் நூற்றுக்கணக்கில் இறங்க வேண்டும், பிள்ளைகள் அதை எண்ணிக்கொண்டே இறங்குவார்கள். கீழே தேவாலயம், சிலைகள், சரவிளக்கின் மணிகள் எல்லாமே உப்பு. சாப்பாட்டுக்கு 'பார் மிலெச்னி' என்ற பால் கடைகள். பழைய அரசு உதவி பெறும் உணவகங்கள், தட்டை நாமே எடுத்துவர வேண்டும். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி கேளுங்கள், கொழுக்கட்டை போல இருக்கும். பிள்ளைகளில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் மட்டும் யோசியுங்கள். நகரத்துக்குள் நிலக்கரி, விறகு எரிக்க 2019 முதல் தடை இருந்தாலும், காற்றில்லாத குளிர்நாட்களில் புகை மூட்டம் வரத்தான் செய்கிறது. கிளம்பும் முன் காற்றின் தரத்தை ஃபோனில் பார்த்துவிடுங்கள்.

முதல்முறை ஐரோப்பியக் குளிர். எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்?
*– ஒரு வாசகி, கோவை*

ஷூவுக்குச் செய்யுங்கள். முதல் குளிர்காலத்தில் வலைத்துணி வைத்த ஷூவோடு போனேன். உருகிய பனி அரை மணி நேரத்தில் உள்ளே புகுந்து, மூன்று நாள் காய்ச்சல். தண்ணீர் புகாத, அடியில் பிடிமானம் உள்ள ஷூ, இரண்டு காலுறை போடுகிற மாதிரி அரை சைஸ் பெரிதாக. உள்ளே போடும் தெர்மல் திருப்பூரில் தைத்ததே போதும். கோட்டை இங்கே வாங்காதீர்கள். அங்கே போய், பழைய துணிக் கடையில் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஊர்க் குளிருக்கென்றே தைத்ததாக இருக்கும்.