ரப்பர் விளையை விற்கும் முன் கல்லுவிளைக்குப் போய் வாருங்கள்

போன வாரம் அருமனையிலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு பற்றி யோசனை கேட்க என்னிடம் வந்தது. பையன் கணிதப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவன். அப்பா வாய் திறக்கும் முன்பே அம்மா ஆரம்பித்துவிட்டார்: "மஸ்கட்டில இருக்க எங்க அண்ணன் சொல்லியாச்சு சார், கம்ப்யூட்டர்தான். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அரை ஏக்கர் ரப்பரை வித்திரலாம்ணு இருக்கோம்."

பையன் என் மேசையில் கிடந்த பழைய ரசீதின் பின்னால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். அவர்கள் வீட்டு அடுக்களை. புகை வெளியேற ஜன்னலை எந்தச் சுவருக்கு மாற்றலாம் என்று அம்புக்குறி போட்டிருந்தான்.

அதுவரை "கவலைப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டேன். ரப்பரை விற்கக் கூடாது, அவ்வளவுதான். சீட்டுக்குப் போன நிலம் திரும்பி வராது. நாலு வருடம் வகுப்பில் உட்காரப்போவதும் மாமன் இல்லை.

கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றிச் சொல்ல உறவில் பத்துப் பேர் இருக்கிறார்கள், அதை விடுகிறேன். இவன் கை போவது வீடு கட்டும் பக்கம், அதற்கு ஓர் இடம் சொல்கிறேன். கன்னியாகுமரிக்குப் போனால் பாறையைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம். விவேகானந்தபுரத்துக்குப் பக்கத்திலேயே கல்லுவிளையில், விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டமான நார்டெப் நடத்தும் கிராமோதய பூங்கா இருக்கிறது. குறைந்த செலவுக் கட்டுமானம், சமையலறைக் கழிவில் ஓடும் 'சக்தி சுரபி' எரிவாயுக் கலன், மாட்டுத் தீவனமாகும் நீர்ச்செடி அசோலா என்று கையால் செய்து பழகும் இடம்.

இந்தக் கட்டுமானத்தில் 'ராட் டிராப்' (எலிப்பொறி) என்றொரு சுவர் உண்டு. செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய கால்வாசிக் கல் மிச்சம். உள்ளே காற்று நிற்பதால் மத்தியான வெயில் அறைக்குள் இறங்கத் தாமதமாகும். கூரையிலும் இப்படித்தான்: ஸ்லாபின் அடிப்பாகத்தில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை என்பதால் அங்கே பழைய கூரை ஓடுகளை வைத்து வார்ப்பார்கள். திருவனந்தபுரத்தில் ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் இதையெல்லாம் வீடு வீடாகச் செய்து காட்டினார். நம் கொத்தனார்கள் இன்னும் நம்பத் தயங்குகிறார்கள், அது வேறு கதை.

அங்கே கிடைக்கும் சில நாள் பயிற்சி பட்டம் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972 சட்டப்படி பதிவு வேண்டும். அதற்கு நாட்டா போன்ற நுழைவுத் தேர்வு எழுதி, ஐந்து வருடம் பி.ஆர்க் படிக்க வேண்டும். கலந்தாய்வில் கையைக் கடிக்காத இடம் கிடைத்தால் சேருங்கள். இல்லையா, பாலிடெக்னிக்கில் சிவில் போதும். அங்கேயும் நிலத்தைத் தொடாதீர்கள்.

முதலில் பூங்காவுக்குப் போன் செய்து நாள் கேட்டுவிட்டு ஒருநாள் கூட்டிப் போங்கள். கேள்விகளை அவனே கேட்கட்டும், நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். சுவரைத் தட்டிப் பார்க்கிறானா, போனை நோண்டுகிறானா என்று கவனியுங்கள். போன்தான் என்றால் திரும்ப என்னிடம் வாருங்கள், வேறு பேசலாம்.