கீறிய இலை வந்தால் அது அயினி இல்லையா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் நிற்கும், பலா இனத்தைச் சேர்ந்த பழைய அயினி மரத்தில் விழுந்த பழத்தின் கொட்டைகளைப் போன வருடம் வைகாசியில் பையில் போட்டேன். இருபது முளைத்தன. இப்போது ஒன்றரை அடி உயரம். இலையெல்லாம் சீமைப்பலா மாதிரி ஆழமாகக் கீறிக் கிடக்கிறது. தாய்மரத்திலோ முழு இலை. "இனம் மாறிப்போச்சு, பிடுங்கிப் போடு" என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ரப்பர் தோட்ட ஓரத்தில் நட நினைத்திருந்தேன். என்ன செய்யலாம் ஐயா? - குமரி மாவட்ட விவசாயி

பதில்: பிடுங்கிவிடாதீர்கள், அது அயினியேதான். இந்த மரத்துக்குக் கன்றில் ஒரு இலை, வளர்ந்தபின் வேறு இலை. சின்ன வயதில் இலை கீறிக்கொண்டு வரும். மரம் வளர வளரக் கீறல் குறைந்து முழு இலையாகிவிடும். பலாக்கன்றிலும் சில சமயம் இதைப் பார்க்கலாம். அயினியில் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். கன்றின் இலையைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று முடி இருக்கும். அதன் அறிவியல் பெயரில் வரும் 'ஹிர்சூட்டஸ்' என்ற சொல்லுக்கே முடி நிறைந்தது என்றுதான் பொருள்.

சீமைப்பலா என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. நாம் வழக்கமாக வளர்க்கும் சீமைப்பலாவில் கொட்டையே கிடையாது. வேரில் கிளம்பும் கன்றைப் பெயர்த்துத்தானே நடுகிறோம்? நீங்களோ கொட்டை போட்டு முளைக்க வைத்திருக்கிறீர்கள். ஈரம் காயுமுன் போட்டதால்தான் இருபது தேறியது. அயினிக் கொட்டையை எடுத்து வைத்துக் காயவிட்டால் முளைப்பு போய்விடும்.

ஒரு வருடமாகப் பையில் இருக்கும் கன்று என்பதுதான் எனக்குக் கவலை. ஆணிவேர் பையின் அடியில் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் மேலே நன்றாக வளர்வதுபோல் தெரியும், பிற்பாடு பெருங்காற்றில் சாயும். நடும்போது பையின் அடியில் ஒரு அங்குலத்தைச் சுருண்ட வேரோடு சேர்த்துக் கூரான கத்தியால் வெட்டிவிட்டு நடுங்கள். ஆனி மழையில் நட்டால் அந்தக் காயம் ஆறிவிடும். முதல் கோடைக்கு மட்டும் ஓலை நிழல் வேண்டும்.

இருபதையும் ரப்பர் ஓரத்தில் வைக்காதீர்கள். நூறு அடிக்கு மேல் போகும் மரம் இது, ரப்பர் மரங்கள் இதன் நிழலில் மாட்டிக்கொள்ளும். முப்பது அடிக்கு ஒன்றாக நாலைந்து போதும், மிச்சத்தைக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

சரி, பழம்? பத்து வருடம் கூட ஆகலாம். கொட்டைக்கன்று என்பதால் தாய்மரத்துச் சுவை அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. அந்த உயரத்தில் பறிக்க ஆள் கிடைப்பதும் கஷ்டம், தானாக விழுந்தால் சிதறிவிடும். கதவுக்கும் படகுக்கும் போகும் மரத்தடிக்காகத்தான் பெரும்பாலும் இதை வளர்க்கிறார்கள். பழம் மேலதிக லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதிரும் ஆண்பூத் திரியைக் காயவைத்துக் கொசுவுக்குப் புகை போடுவார்கள், அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நட்ட கையோடு வேலி போட்டுவிடுங்கள். பலா இனத்து இலை என்றால் ஆடு விடாது.