கேட்பாரற்று நிற்கும் சைக்கிளை எடுத்து ஓடினால் அது களவா?

ஒழுங்கை முடக்கில் மதிலோடு சாத்தியபடி ஒரு சைக்கிள் மூன்று மாதமாக நிற்கிறது, பூட்டில்லை, இரண்டு சில்லிலும் காற்றில்லை, சும்மா துருப்பிடித்துப் போவதை எடுத்துத் திருத்தி ஓடினால் என்ன பிழை என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்காதீர்கள். இதே வேலையை நான் செய்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2022 ஆடி மாதம். பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்றும் வெறும் தாங்கியோடு திரும்பிய காலம். மோட்டார் சைக்கிளைத் தாவாரத்தில் ஏற்றிவிட்டு, யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலிலிருந்து பக்கத்திலுள்ள திருநெல்வேலிக்கு வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். அந்த வருடம் புதுச் சைக்கிள் விலை ஏறிய ஏற்றத்தில் கடைப்படி மிதிக்கவே பயம். எங்கள் வாசிகசாலை மதிலோடு ஒரு கறுப்பு லுமாலா சைக்கிள் தைப்பொங்கலுக்கு முன்னிருந்தே நின்றது. பூட்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் நடந்தேன். ஒருநாள் விடியற்காலையில், ஆள் நடமாட்டம் வருமுன், உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சீற்றின் மேல் ஒரு ஷொப்பிங் பை இழுத்துக் கட்டியிருந்தது. அதை அவிழ்த்து எறிந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆறு மாத வெயிலும் மழையும் பட்டு மட்காட் எல்லாம் வெளிறிப்போன சைக்கிளில் அந்தப் பை மட்டும் புதுசு போல இருந்தது. அது என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

சைக்கிள் கடை ஐயா ரயரைக் கழற்றிக்கொண்டே, "ஆற்ற சைக்கிள் தம்பி?" என்று கேட்டார். "எங்கட வீட்டில சும்மா நிண்டது ஐயா" என்றேன். யோசிக்காமலே வாயில் வந்தது. யாருக்கும் வேண்டாத பொருளைத்தான் எடுத்தேன் என்று உண்மையாகவே நம்பியிருந்தால் அந்தப் பொய்க்குத் தேவை இருந்திருக்காது.

இரண்டு கிழமைக்குப் பிறகு திருநெல்வேலிச் சந்தையடியில் ஒரு அம்மா என்னை மறித்தார். கரியர் கம்பியில் பச்சை வயர் சுற்றியிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எங்கட இவற்ற சைக்கிள் எல்லோ?" என்றார். கோபம் இல்லை, சத்தம் இல்லை. கணவருக்குப் புற்றுநோய். தை மாதம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக விடிய வெள்ளன வந்து, சைக்கிளை வாசிகசாலையடியில் விட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். "தான் வந்து எடுக்கிறன் எண்டு சொன்னவர். அவர் விட்ட இடத்திலேயே நிக்கட்டும் எண்டு நானும் விட்டிட்டன். பை கிழியக் கிழிய வேற பை கட்டிவிடுறனான்" என்றார். சைக்கிள் காணாமற்போன நாளிலிருந்து அதைக் கணவருக்குத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாராம்.

அந்த இடத்திலேயே இறங்கிக் கொடுத்தேன். புது ரயரைப் பார்த்துவிட்டு எவ்வளவு செலவானது என்று கேட்டு, மடியிலிருந்த பேர்ஸை எடுத்தார். அன்றைக்குப்போல் நான் வாழ்க்கையில் வெட்கப்பட்டதில்லை. காசு வாங்கவில்லை, மன்னிப்புக் கேட்டேன். அவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. சந்தைச் சாமானை கரியரில் வைத்துக் கட்டி, கோண்டாவில் வரை நான்தான் உருட்டிக்கொண்டு போனேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். நம் இலங்கையில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டத்தின்படி ஒரு பொருள் கைவிடப்பட்டது ஆவதற்கு, சொந்தக்காரர் 'இனி எனக்கு இது வேண்டாம்' என்ற எண்ணத்தோடு விட்டிருக்க வேண்டும். துருவும் தூசியும் அந்த எண்ணத்துக்குச் சாட்சி ஆகாது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 386ஆம் பிரிவு கிடந்த பொருளை எடுப்பதைப் பற்றியும் பேசுகிறது. பாதுகாக்கவோ உரியவரிடம் சேர்க்கவோ எடுத்தால் குற்றமில்லை. உரியவரைத் தேட நியாயமான முயற்சி செய்யாமல், அவர் வந்து கேட்க நியாயமான காலமும் கொடுக்காமல், தன் பாவனைக்கு ஆக்கிக்கொண்டால் குற்றம். நான் செய்தது அப்படியே அதுதான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சைக்கிள் நாட்கணக்கில் அசையாமல் நிற்க எத்தனையோ காரணம் இருக்கும். குறிகாட்டுவான் இறங்குதுறையில் விட்டுவிட்டு நெடுந்தீவுக்குப் படகேறியவர், கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால் அங்கேயே மறிபட்டுவிடுவார். ஆஸ்பத்திரியில் நோயாளியை வைத்துப் பார்க்கிறவர்களுக்குச் சைக்கிள் ஞாபகமே வராது.

என் அப்பாவின் றலிச் சைக்கிளும் அப்படித்தான் போனது. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க இடம்பெயர்ந்தபோது, மூட்டை முடிச்சோடு அப்பம்மாவையும் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போனார். நாவற்குழிப் பாலம் தாண்டியதும் பின்சில்லு வெடித்து றிம்மும் நெளிந்துவிட்டது. ஒரு பனையோடு சாத்திவிட்டு, அப்பம்மாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அடுத்தநாள் வந்து எடுக்கலாம் என்றுதான் நினைத்தாராம். 96 சித்திரைக்குப் பிறகு ஊர் திரும்பி எத்தனையோ வருடம், றோட்டில் பழைய றலி எதைக் கண்டாலும் அதன் ஹாண்டிலை ஒருமுறை பார்ப்பார். இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன்தான் வாசிகசாலைச் சைக்கிளில் கை வைத்தேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் அந்த முடக்கைச் சுற்றியுள்ள வீடுகளில் கேளுங்கள். பிறகு பக்கத்துச் சைக்கிள் கடையில் கேளுங்கள். அவர்கள் ஆளை மறந்தாலும் தாங்கள் ஒட்டுப்போட்ட ரியூப்பை மறக்க மாட்டார்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தை ஒரு மட்டையில் எழுதி ஹாண்டிலில் கட்டுங்கள். சீற்றுக் குழாயிலோ பெடல் அச்சுக்கு அடியிலோ இலக்கம் அடித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு விதானையாரிடமும் (கிராம சேவகர்) பொலிஸிலும் சொல்லுங்கள். களவுபோனது என்று யாராவது முறைப்பாடு கொடுத்திருந்தால் அந்த இலக்கத்தை வைத்துப் பிடிக்கலாம். களவெடுத்தவனே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன சைக்கிளாகவும் அது இருக்கக்கூடும். அப்படியானதில் நீங்கள் ஏறி ஓடினால் பிடிபடுவது நீங்கள்தான்.

இதெல்லாம் செய்தும் மாதக்கணக்கில் ஒருவரும் வரவில்லை, பொலிஸும் வேண்டாம் என்கிறது என்றால், ஊரறிய எடுத்துத் திருத்துங்கள். உரியவர் எப்போது வந்து கேட்டாலும் கொடுப்பேன் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். கடைக்காரர் ஆருடையது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அதுவரை துருப்பிடிப்பதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றால், செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய் விடுங்கள். சீற்றுக்கு ஒரு பையையும் கட்டிவிடுங்கள்.